புரோட்டோ ஃபைலை மாத்தினாலும் பழைய கிளாஸே வருது

ராயபுரம்:
கண்டெய்னர் டேட்டாவுக்கு புரோட்டோபஃப் (டேட்டாவை பைட்டா சேமிக்குற ஃபார்மட்) ஸ்கீமா, பில்டு பண்ண கிரேடில் டூல். புரோட்டோ ஃபைல்லருந்து ஜாவா கிளாஸ் உண்டாக்குற புரோட்டோக்கை, நாமளே எழுதின எக்ஸெக் டாஸ்க்ல (வெளி கமாண்டை ஓட்டுற டாஸ்க்) ஓட்டுறோம். 'சீல் நம்பர்' ஃபீல்டு சேர்த்தேன். ஜாவால அதுக்கு கெட்டர் (மதிப்பை எடுக்குற மெத்தட்) வரல. கிளீன் பண்ணி, அதாவது பழைய பில்டை அழிச்சுட்டு ஓட்டுனா வருது. ஏன்பா?

தண்டையார்பேட்டை:
டாஸ்க்ல அவுட்புட் மட்டும் சொல்லி, இன்புட் சொல்லாம விட்டிருப்பீங்க. அவுட்புட் மாறாத வரை கிரேடில் 'அப்-டு-டேட்'னு தாண்டிடும். புரோட்டோ ஃபோல்டர் முழுசையும் இன்புட்டா குடுங்க. ஒரு ஃபைல் மட்டும் குடுத்தா, அது இம்போர்ட் பண்ற மத்த ஃபைல் மாறும்போது மறுபடி இதே கதைதான்.

ராயபுரம்:
வந்துடுச்சு தலைவா! பழைய 'எடை' ஃபீல்டைத் தூக்கிட்டு, அதோட ஃபீல்டு நம்பர் 4-ஐயே சீலுக்குக் குடுத்தேன், ஓகேவா?

காசிமேடு:
ஐயோ, வேணாம். பழைய டேட்டால 4-ன்னா எடைதான். 4-ஐ இனி யாரும் எடுக்காதபடி ரிசர்வ்டு போட்டு பூட்டிடுங்க. 1 முதல் 15 வரை நம்பருக்கு டேக் (டேட்டால ஃபீல்டு நம்பரைச் சொல்ற பகுதி) ஒரே பைட்டு, அதுல காலியா இருக்கறதை எடுங்க.