கண்ணு போச்சுன்னு சொன்னா அது பொறாமையா?

நிழல்வேட்டை:
நேத்து நம்ம போட்டோ குழுவுல மஞ்சள்வெயில் ஒரு படம் போட்டிருந்தாங்க. ஜன்னலோரம் பாட்டி ஊசியில நூல் கோக்கிறாங்க. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4, அதாவது லென்ஸ் துளையை நல்லா அகலமாத் திறந்து எடுத்தது. "பாட்டி கண்ணுல ஃபோகஸ் இல்ல, காதோர நரைமுடியில விழுந்திருக்கு"ன்னு எழுதினேன். உடனே மூன்றாம்கண் வந்து, "கண்ணு ஷார்ப்பா இல்லன்னு சொல்றதெல்லாம் விமர்சனமே இல்ல, பொறாமை. பிடிச்சா பாராட்டுங்க, இல்லன்னா பேசாம போங்க"ன்னுட்டார். ராத்திரி முழுக்க உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஊசிக் காதைத் தேடுற கண்ணுதானே அந்தப் படமே? அது குழைஞ்சு கிடக்கு. நரைமுடியை ஒவ்வொண்ணா எண்ணலாம். நாப்பது பேர் "அருமை"ன்னு எழுதியிருக்காங்க, ஒருத்தராவது பெருசாக்கிப் பாத்தீங்களா?

மூன்றாம்கண்:
நாப்பது பேருக்குத் தெரியாதது உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. வாழ்த்துகள். பாட்டிக்கே பார்வை மங்கல், அதனால கண்ணு மங்கலா இருக்கு. அதுதான் கதை. பெருசாக்கிப் பாக்கிறவங்களுக்குக் கதை தெரியாது.

நிழல்வேட்டை:
அப்படின்னா ஊசியாவது ஷார்ப்பா இருக்கணுமே? அதுவும் மங்கல். நடுப்புள்ளியில ஃபோகஸைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வெச்சா இப்படித்தான் ஆகும். ஒன்றரை மீட்டர்ல எஃப் 1.4-க்குக் கிடைக்கிற ஆழமே, அதாவது முன்னும் பின்னுமா ஷார்ப்பாத் தெரியுற தூரமே, மொத்தம் 2.6 செ.மீ. பத்து டிகிரி திருப்பினா ஃபோகஸ் ரெண்டு செ.மீ.க்கு மேல பின்னால போயிடும். கண்ணு போச்சு, முடி வந்துச்சு. துளையைச் சுருக்கி எஃப் 2.8-ல எடுத்திருந்தா ஆழம் ரெண்டு மடங்கு, கண்ணு தப்பிச்சிருக்கும். இல்ல ஃபோகஸ் புள்ளியையே கண்ணு மேல நகர்த்தியிருக்கலாம். அடுத்த படத்துக்கு உதவட்டும்னு சொன்னேன். இதுல பொறாமை எங்க வந்துச்சு?

பிக்சல்பித்தன்:
2.6-ங்கிறது ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கணக்கு. அதைவிடச் சின்ன க்ராப் சென்சார்ல இன்னும் குறையும், 1.75 தான் வரும்.

இருட்டறை:
தலைகீழா சொல்றீங்க தம்பி. க்ராப் சென்சார்ல ஆழம் கூடும்.

பிக்சல்பித்தன்:
குறையும். கணக்கு போட்டுப் பாருங்க சார்.

மஞ்சள்வெயில்:
என் கேமரா ஃபுல் ஃப்ரேம்.

இருட்டறை:
கூடும். முப்பது வருஷமா எடுக்கிறேன், எனக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டாம். விமர்சனத்தைப் பத்தியும் சொல்றேன். ஃபிலிம் காலத்துல, சிவப்பு விளக்குல, படம் கழுவுற ட்ரேயில படம் மேல வர்றப்ப என் குரு பக்கத்துல நின்னு பாப்பார். பிடிக்கலன்னா ஈரப் பேப்பரை அப்படியே கிழிச்சுப் போட்டுட்டு வெளிய போயிடுவார். நாங்க யாரும் புலம்பல. இப்ப கண்ணு மங்கல்னு ஒரு வார்த்தை தாங்க மாட்டேங்கிறாங்க.

நிழல்வேட்டை:
ஐயா, என்னை உங்க பக்கம் சேத்துக்காதீங்க. கிழிச்சுப் போட்டா என்ன தப்புன்னு படம் எடுத்த பையனுக்கு எப்படித் தெரியும்? நான் கிழிக்கல. எந்த இடம், எதனால, எப்படிச் சரி பண்ணலாம்னு மூணையும் சொன்னேன்.

இருட்டறை:
என் குருவைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?

மூன்றாம்கண்:
தகுதியைப் பத்தியே பேசுவோம். ஜூலியா மார்கரெட் கேமரூன்னு ஒரு பிரிட்டிஷ் போட்டோகிராஃபர், 1864-ல எடுக்க ஆரம்பிச்சாங்க. ஃபோகஸ் இல்லைன்னு அந்தக் காலத்து நிழல்வேட்டைகள் அவங்களையும் திட்டினாங்க. இன்னிக்கு அந்தப் படங்கள் மியூசியத்துல இருக்கு. திட்டினவங்க பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கா?

நிழல்வேட்டை:
கேமரூன் லென்ஸைத் திருகிக்கிட்டே வந்து, அழகாத் தெரிஞ்ச இடத்துல நிறுத்தினாங்க. அது அவங்களே எடுத்த முடிவு. இங்க முடிவெடுத்தது நரைமுடி. மஞ்சள்வெயிலே வந்து "வேணும்னுதான் முடியில வெச்சேன்"னு சொல்லட்டும், இந்த நிமிஷமே நான் வாயை மூடிக்கிறேன்.

மூன்றாம்கண்:
பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்த்தியே-ப்ரெஸோன் 1932-ல எடுத்தது, ரயில் நிலையத்துக்குப் பின்னால தண்ணியைத் தாண்டிக் குதிக்கிறவர். அவரும் மங்கல்தான். அதுக்கும் ஆழம் எத்தனை செ.மீ.ன்னு சொல்லுங்களேன்.

நிழல்வேட்டை:
அது அசைவு. குதிக்கிற ஆள் மங்கினா குதிக்கிறது தெரியும். பாட்டி குதிக்கல.

இருட்டறை:
ப்ரெஸோன் எடுத்த ஃப்ரேமை வெட்டவே மாட்டார். அந்த ஒழுக்கத்தைப் பத்தி இங்க ஒருத்தரும் பேச மாட்டீங்க.

பிக்சல்பித்தன்:
அந்தப் படமே வெட்டினதுதான் சார். வேலி இடுக்குல லென்ஸை வெச்சு எடுத்தார், ஓரம் மறைஞ்சிடுச்சு, அதை வெட்டினார்.

இருட்டறை:
ஏதோ ஒண்ணு ரெண்டு இருக்கும். அதை வெச்சு அவரை அளக்காதீங்க. முதல்ல க்ராப் சென்சார் கணக்கைச் சரி பண்ணுங்க.

மஞ்சள்வெயில்:
நான் ஒண்ணு சொல்லலாமா? படத்துக்குக் கீழ நான் கேட்டது "ஜன்னல் வெளிச்சம் சரியா இருக்கா"ன்னு. அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. நாப்பது "அருமை"யும் வெளிச்சத்தைப் பத்தி இல்ல, நிழல்வேட்டை எழுதினதும் வெளிச்சத்தைப் பத்தி இல்ல. அது என் சொந்தப் பாட்டி. ஊசியில நூல் ஏற ஆறு நிமிஷம் ஆச்சு. ஆறு நிமிஷமும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

நிழல்வேட்டை:
வெளிச்சம் நல்லா இருக்கும்மா. கன்னத்துச் சுருக்கத்துல நிழல் இறங்குற விதம் ரொம்ப அழகு, விரல் நுனியில வெளிச்சம் மிஞ்சி வெறும் வெள்ளையாப் போயிடல. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஆனா ஆறு நிமிஷம் இருந்திருக்கீங்களே, அதனாலதான் இன்னும் வலிக்குது. ஒரு ஃப்ரேம்லயாவது கண்ணு கிடைச்சிருக்கும். மத்த ஃப்ரேம்களைப் பாத்தீங்களா?

மூன்றாம்கண்:
பாருங்க, மறுபடியும் கண்ணு! போன வருஷம் உங்க அருவிப் படத்துல தண்ணி பஞ்சு மாதிரி இருக்குன்னு நான் சொன்னப்ப, மூணு மாசம் என்கூடப் பேசாம இருந்தது யாரு? அப்ப இந்த "உதவி" எங்க போச்சு?

நிழல்வேட்டை:
அது ஷட்டரை நாலு செகண்ட் திறந்து வெச்சு எடுத்தது. தெரிஞ்சே வெச்சேன். நீங்க ஷட்டர் எவ்வளவுன்னுகூடக் கேக்கல. "பஞ்சு மிட்டாய்"னு எழுதிட்டு ஒரு சிரிப்பு பொம்மை போட்டீங்க. நான் எதனாலன்னு சொன்னேன், நீங்க சொல்லல.

மூன்றாம்கண்:
பஞ்சைப் பஞ்சுன்னுதான் சொல்ல முடியும்.

பிக்சல்பித்தன்:
இருட்டறை சார், அதே லென்ஸ், அதே தூரம். குறையும்.

இருட்டறை:
அதே தூரத்துல நின்னா பாட்டி தலை வெட்டுப்படும். தள்ளி நின்னுதான் எடுக்கணும். கூடும்.

மஞ்சள்வெயில்:
மொத்தம் பதினோரு ஃப்ரேம் இருக்கு. ஒண்ணுல கண்ணு ஷார்ப், ஆனா அதுல நூல் கைய விட்டு நழுவிடுச்சு.

நிழல்வேட்டை:
அதைப் போடுங்க.

மூன்றாம்கண்:
போடாதீங்க. போட்டா அதுல ஊசி மங்கல்னு சொல்லுவார்.