ஆர்கேட் ஸ்டிக் வாங்கணும், எதை எடுக்கலாம்?

மக்களே, மார்த்தாண்டத்தில் இருந்து எழுதுகிறேன். பிஎஸ்5 கேம் கன்சோலில் டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம்கள் இரண்டும் ஆடுகிறேன், சாதாரண கன்ட்ரோலரில் அரைவட்டம் சுற்றிச் சுற்றி இடது கட்டைவிரல் காய்த்தே போய்விட்டது, அதனால் நல்ல ஆர்கேட் ஸ்டிக் (பெட்டி மேல் குச்சி மாதிரி லீவரும் பெரிய பட்டன்களும் உள்ள கன்ட்ரோலர்) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

மனதில் இருப்பவை ஹோரி ஆல்ஃபா, கான்பா அப்சிடியன் 2, விக்ட்ரிக்ஸ் ப்ரோ எஃப்எஸ். விக்ட்ரிக்ஸ் அலுமினிய உடம்பு, உள்ளே சான்வா கம்பெனி லீவரும் பட்டனும், பார்க்கவே ஆசை, ஆனால் விலையைப் பார்த்தால் இந்த வருஷ ரப்பர் பால் காசு முழுவதும் அதற்கே போய்விடும். ஹோரியில் அவர்களுடைய சொந்த ஹயபுசா பாகங்கள். பட்டன் 30 மி.மீ. தான், பிறகு சான்வாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியவர்கள் யாராவது உண்டா, வித்தியாசம் கையில் தெரிகிறதா?

அப்புறம், டெக்கனுக்குச் சதுர கேட் (லீவர் எதுவரை நகரலாம் என்று தடுக்கும் தகடு) போதுமா, எண்கோணம் போடணுமா? குளச்சல், முட்டம் பக்கம் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றில் மைக்ரோசுவிட்ச் (லீவர் அசைவைப் பதிவுசெய்யும் சின்ன சுவிட்ச்) எப்படித் தாங்குகிறது என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள் சுங்கவரி எவ்வளவு கட்டினீர்கள் என்பதும் வேண்டும்.

லீவர்லெஸ் (குச்சியே இல்லாமல் பட்டன் மட்டும் உள்ளது) வாங்கு என்று மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் குச்சியைப் பிடித்து ஆட்டணும்.