இழை: கிரீட் தீவின் ‘லாபிரிந்த்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். சிறுவர்களுக்கான கிரேக்கப் புராணக் கதைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கதை பலருக்கும் தெரிந்ததுதான். கிரீட் தீவின் மன்னன் மினோஸ், காளைத்தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டோரை அடைத்து வைக்கத் தைதலோஸ் என்னும் தச்சனைக் கொண்டு, உள்ளே போனால் வெளியேற முடியாத ‘லாபிரிந்த்’ என்ற ஒரு கட்டடத்தை எழுப்புகிறான். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு இளம்பெண்களையும் அதற்கு இரையாக அனுப்புகிறது. தீசியஸ் உள்ளே சென்று அதைக் கொன்று, அரியாட்னி கொடுத்த நூற்கண்டைப் பற்றிக்கொண்டு வெளியே வருகிறான்.

என் இடர் மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. ஒன்று: தைதலோஸ் ஒரு லாபிரிந்தைக் கட்டினான். இரண்டு: பிற்காலத்தில் கிரீட்டின் நோசோஸ் நகரத்தார் தம் காசுகளில் லாபிரிந்தைப் பொறித்தனர். மூன்று: 1900ஆம் ஆண்டு நோசோசை அகழத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், தாம் வெளிக்கொணர்ந்த அரண்மனையே அந்த லாபிரிந்த் என்று கருதினார். மூன்றிலும் ஒரே சொல் நின்றால்தான் நான்காவதாக வரும் பத்தி பொருள்படும். ‘புதிர்ப்பாதை’ என்று எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம் தப்பித்தது. மூன்றாவதில் ‘அரண்மனையே புதிர்ப்பாதை’ என்று வந்து பல்லிளிக்கிறது. இரண்டாவதிலோ அது பிழையே ஆகிவிடுகிறது, ஏனெனில் அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் கிளைவழியே கிடையாது. ஒற்றை வழி மடங்கி மடங்கி நடுவில் போய்ச் சேர்கிறது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: *கோட்டம்*.

கோடுதல் என்றால் வளைதல். ஆகவே கோட்டம் முதலில் வளைவு. அடுத்து, சிலப்பதிகாரத்தில் நிலாக்கோட்டம், வெள்யானைக் கோட்டம் என வரிசையாக வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது தெய்வம் உறையும் கட்டடம். மூன்றாவதாக, மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று ஒரு காதைக்கே பெயர். வளைந்து செல்வது, கட்டடமாக இருப்பது, சிறையாகப் பயன்படுவது என நீங்கள் கேட்ட மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் நூற்கண்டு என்று எழுதிவிட்டீர்கள். நன்னூல் பாயிரத்தில் தச்சனின் நூலைப் பற்றிச் சொல்லும்போது ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்’ என்கிறார் பவணந்தியார். கோட்டத்தைத் தீர்ப்பது நூல்! தைதலோசும் தச்சன், அவன் கட்டியதும் கோட்டம், அதைத் தீர்த்ததும் நூல். அரண்மனைக்கு மனை வகுக்கும் நெடுநல்வாடையின் ‘நூலறி புலவர்’கூட ‘நுண்ணிதிற் கயிறிட்டு’த்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். கிரேக்கர்களுக்குக் கிடைக்காத ஒரு சிலேடை நமக்கு இலக்கணத்திலேயே கிடைத்திருக்கும்போது அதை விட்டுவிட்டுப் புதிரையும் பாதையையும் ஒட்டுப்போடுவானேன்?

மதுரை வாசகர் எழுதியது:

ஐயா, படித்து மகிழ்ந்தேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ‘மினோட்டோர் கோட்டத்தில் அடைக்கப்பட்டது’ என்று படித்தால் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டமோ மின்வாரியக் கோட்டமோதான் நினைவுக்கு வரும். தீசியஸ் வருவாய்க் கோட்டாட்சியரைப் பார்க்கப் போனதாக ஆகிவிடும் (அங்கும் சிலர் திரும்பி வருவதில்லை என்பது வேறு).

மணிமேகலையை நீங்களே அழைத்ததால் சொல்கிறேன். சக்கரவாளக் கோட்டம் என்று தெய்வம் பெயர் சொன்னபோது, இந்த நகரத்தில் யாவரும் அதைச் சுடுகாட்டுக் கோட்டம் என்றல்லாது சொல்லமாட்டார்களே என்று மணிமேகலையின் தோழி சுதமதி கேட்கிறாள் அல்லவா? ஊரார் வழங்கும் பெயருக்கும் விவரம் அறிந்தோர் சூட்டும் பெயருக்கும் இடையிலான சண்டை காப்பியத்திலேயே இருக்கிறது. நான் சுதமதியின் பக்கம். ‘லாபிரிந்த்’ என்றே எழுதி முதல்முறை மட்டும் விளக்கிவிடலாம்.

தொல்லியல் ஆர்வலர் எழுதியது:

மூலச்சொல் என்ன பொருள்பட்டது என்பதையும் சற்றுப் பார்த்துவிட்டால் நல்லது, ஏனெனில் ‘அரண்மனையே லாபிரிந்த்’ என்ற மூன்றாம் வாக்கியம் பெரிதும் ஒரு சொற்பிறப்பின் மேல் நிற்கிறது. லிடியர்கள் கோடரியை ‘லாப்ரிஸ்’ என்று அழைத்ததாகப் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நோசோசின் தூண்களிலும் சுவர்க் கற்களிலும் இருதலைக் கோடரிச் சின்னம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்ட எவன்ஸ், லாபிரிந்த் என்பது ‘இருதலைக் கோடரியின் இல்லம்’ என்ற கருத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டார். ஒன்றையொட்டி ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் அறைகளும், குறுகிய இடைவழிகளும், மேற்குப் பக்கத்தில் ஆளுயரத் தாழிகள் நின்ற நீண்ட களஞ்சிய அறைகளும் அந்தக் கருத்துக்குத் துணைநின்றன. ஆனால் லிடியா சின்ன ஆசியாவில் இருக்கிறது. கிரீட்டில் கோடரியை அப்படி அழைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ‘-ந்த்-’ என்னும் ஈறு கொரிந்த் என்ற ஊர்ப்பெயரிலும் இருப்பதால், கிரேக்கருக்கு முந்தைய ஏதோ ஒரு மொழியின் எச்சமாக இதைக் கருதுவோர் பலர்.

இதைவிட எனக்குப் பிடித்தது நோசோசில் கிடைத்த ஒரு களிமண் பலகை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்துக் காட்டிய நேர்கோட்டு ‘பி’ (Linear B) என்னும் பண்டை எழுத்தில் அமைந்த அந்தப் பலகை ஒரு காணிக்கைக் கணக்கு: எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு தாழி தேன், ‘தபுரிதோ’வின் தலைவிக்கு ஒரு தாழி தேன். அந்தத் தபுரிதோவே லாபிரிந்த் என்பது பலர் கொள்ளும் கருத்து. அது சரியானால், காளைத்தலையனும் நூற்கண்டும் எழுத்தில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பெயருடைய ஓர் இடத்துக்கு ஒரு தலைவி இருந்திருக்கிறாள். எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்துக் கிடைத்த அளவு தேன் அவள் ஒருத்திக்கே கிடைத்திருக்கிறது.

ஆகவே அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள்: மூன்றாம் வாக்கியத்தில் ‘கருதினார்’ என்பதை எந்தக் காரணம் கொண்டும் ‘கண்டறிந்தார்’ என்று மாற்றிவிடாதீர்கள். நோசோஸ் மேட்டில் 1878இலேயே குழி தோண்டித் தாழிகளை எடுத்தவர் ஈராக்லியோன் வணிகர் மினோஸ் கலோகைரினோஸ். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். இன்று பயணிகள் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் சிவப்புத் தூண்களும் மேல்தளங்களும் எவன்ஸ் கம்பியிட்ட கற்காரையைக் கொண்டு எழுப்பிய மீட்டுருவாக்கம். அவற்றைக் கண்டு லாபிரிந்தைக் கண்டதாக எண்ணுவோர் பாதி அவருடைய கற்பனைக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை எழுதியது:

வணக்கம் ஐயா, அம்மா. வகுப்பறைத் தேவை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்செவியின் வளைகுழல் அமைப்புக்கும் இதே கிரேக்கச் சொல்தான். பனையேறிக் கெண்டை நீரைவிட்டு வெளியே வந்தும் மூச்சுவிட உதவும் மடிப்பு உறுப்புக்கும் இதே பெயர்தான். அந்த மீன் பனையில் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டேனிய அலுவலர் ஒருவர் எழுதியதும் உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். மீனுக்குள் கட்டடமும் கோட்டமும் வைக்க முடியாது. ஆதலால் என் வாக்கு ‘சுழல்வழி’க்கு. வினைத்தொகை என்பதால் சுழன்ற வழி, சுழல்கின்ற வழி, சுழலும் வழி என மூன்று காலத்துக்கும் பொருந்தும். ‘புதிர்’ என்று தொடங்கும் எதையும் இங்கே பிள்ளைகளிடம் கொண்டுபோனால், தைப்பூசத்துக்குப் புதிர் எடுப்பதைத்தான் நினைப்பார்கள். எங்களுக்குப் புதிர் என்றால் முதலில் புதுநெல்.

தருமபுரி வாசகர் எழுதியது:

எங்கள் மாவட்டத்தில் கம்பைநல்லூர்ப் பக்கம் தரையில் கற்களை வரிசையாகப் பதித்து அமைத்த ஒரு வடிவம் இருக்கிறது. நோசோஸ் காசில் இருக்கும் அதே வகை: ஒற்றை வழி, ஏழு சுற்று. ஊரார் அதற்கு ‘ஏழு சுத்துக் கோட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள் என்றோ நாம் அங்கே கொடுத்தோம் என்றோ நான் சொல்லவில்லை. அந்த வழக்குக்குள் நுழைந்தால் இந்த இழையும் வெளியே வராது. ஆக்கிப் பார்க்கவே தேவையில்லாமல் வழக்கில் ஒரு சொல் இருக்கிறது என்பதே என் செய்தி. ‘சுற்றுக்கோட்டை’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தமிழாசிரியர் ஐயாவுக்கும் பாதி மனநிறைவு. கோட்டமும் கோட்டையும் ஒரே வேர் என்பாரே.

தொல்லியல் ஆர்வலர் எழுதியது:

அருமையான சொல், காசுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் மூன்றாம் வாக்கியத்தில் அது பெரும் பிழைக்கு இடம் தரும். நோசோஸ் அரண்மனையைப் பற்றி முதலில் வியப்பாகச் சொல்லப்படுவதே அதைச் சூழ்ந்து பெரிய அரண் மதில் எதுவும் இல்லை என்பதுதான். மதிலே இல்லாத ஓர் இடத்துக்குத் தமிழில் கோட்டை என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் அகழியையும் முதலையையும் தேடுவார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

ஒரே வேர் என்பேன், ஆம். கோடு, கோட்டம், கோட்டை, கோணல், கோணம் எல்லாம் அங்கிருந்தே கிளைத்தவை. (கோணம் வடமொழி என்று யாரோ தனிமடலில் எழுதியிருக்கிறார், அவருக்குத் தனியாகவே பதில் தருகிறேன், நான்கு பக்கம் ஆகிவிட்டது.) மதுரை நண்பருக்கு: பேருந்துக்கும் மின்சாரத்துக்கும் பயந்து நாம் சொற்களை விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் அறிவிப்புப் பலகைத் தமிழ் மட்டுமே மிஞ்சும். ‘லாபிரிந்த்’ என்றே எழுதுவதாயினும் லகரம் மொழிக்கு முதலாகாது. நன்னூலின்படி இகரம் முன்னே வர வேண்டும். ‘இலாபிரிந்து’ என்று எழுதிப் பாருங்கள். இலாபம் பிரிந்து போனது போல இருக்கிறது.

மதுரை வாசகர் எழுதியது:

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ (ஒரு சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது) என்று தொல்காப்பியரே சொல்லிவிட்ட பிறகு வேரைத் தோண்டுவதில் நமக்கு ஏன் இத்தனை வேகம் என்றுதான் தெரியவில்லை. நோசோசில்கூட ஒரு கட்டத்தில் தோண்டுவதை நிறுத்தினார்கள். என் மாற்று ஆலோசனை ‘புதிர்மனை’. கட்டடம் என்பது தெரிகிறது, வழி தெரியாது என்பதும் தெரிகிறது, மதில் இல்லை. வீட்டுமனை விற்பனை விளம்பரம் யாருக்கேனும் நினைவுக்கு வந்தால் அது விளம்பரத்தின் குற்றம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: புதிர்மனைக்கு ஐவர், சுற்றுக்கோட்டைக்கு மூவர், லாபிரிந்துக்கு இருவர், சுழல்வழிக்கும் கோட்டத்துக்கும் ஒவ்வொருவர். புதிர்மனையை ஆதரித்த ஐவரில் இருவர் ‘வேறு வழியில்லாததால்’ என்று எழுதியிருந்தார்கள். அப்படியே அனுப்பிவிட்டேன். தைதலோஸ் கட்டியது புதிர்மனை. எவன்ஸ் *கருதியதும்* புதிர்மனை, வினைச்சொல்லைத் தொடவில்லை. காசு பற்றிய வாக்கியத்தை மட்டும் ‘புதிர்மனையைக் குறிக்கும் ஏழு சுற்றுக் கோலம்’ என்று விரித்திருக்கிறேன். சிக்குக்கோலம் போட்ட பிள்ளைக்கு ஒற்றைக் கோடு எப்படி உள்ளே போய்த் திரும்பும் என்று விளக்க வேண்டியதில்லை. உட்செவிக்கும் மீனுக்கும் இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியை பொறுத்தருள வேண்டும், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. ஒரே ஒரு கோரிக்கை: பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர் நூற்கண்டைக் ‘கயிற்றுச் சுருள்’ என்று மாற்ற முயன்றால், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.