பக்கத்து மனையில் இரண்டு பேஸ்மென்ட்: கிணறு வற்றுமா, உப்பாகுமா?

அஸ்தம்பட்டிவாசி:
பக்கத்து மனையில் வணிக வளாகத்துக்காக 25 அடி ஆழம் தோண்டியிருக்கிறார்கள். மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது, தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. எங்கள் 40 அடிக் கிணறு இறங்கிக்கொண்டே வருகிறது. 600 அடி போரில் மாற்றம் இல்லை. திருவான்மியூர் உறவினர்கள், இப்படி இறைத்தால் கிணறு உப்பாகிவிடும் என்கிறார்கள். சேலத்திலும் ஆகுமா?

பாறைநீர்:
அவர்கள் ஊருக்கு அது சரி. கடலோர மணலில் நல்ல தண்ணீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர். மேலே அரை மீட்டர் குறைந்தாலே கணக்குப்படி உப்பு எல்லை 20 மீட்டர் ஏற வேண்டும். ஒரே வாரத்தில் ஏறாது, மாதக்கணக்கில் இறைத்தால்தான். ஆனால் ஏறியது, மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. (சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். அங்கே கடல்நீர் புகுந்தது கட்டடத்தால் அல்ல, ஆண்டுக்கணக்கில் இறைத்த ஆழ்துளைக் கிணறுகளால்.)

சேலத்தில் கீழே கருங்கல். உங்கள் கிணற்றுக்கு ஊற்று, மேலே மக்கிப்போன பாறையிலிருந்து வருகிறது. பேஸ்மென்ட் குழி வெட்டுவதும் அதே அடுக்கைத்தான். போருக்குத் தண்ணீர் ஆழத்து வெடிப்புகளிலிருந்து வருவதால் இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது. வெடிப்பு போகும் திசைதான் முக்கியம்: ஒட்டியிருக்கும் கிணறு அப்படியே நிற்க, 300 அடி தள்ளியிருப்பது வற்றலாம்.

இங்கே பயப்பட வேண்டியது கடலுக்கு அல்ல, சாக்கடைக்கு. மட்டம் இறங்கியதும் சுற்றியுள்ள செப்டிக் டேங்க், ஒழுகும் கழிவுநீர்க் குழாய் எல்லாம் உங்கள் பக்கம் கசியத் தொடங்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மட்டும் பார்த்தால் போதாது. நைட்ரேட், கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இரண்டையும் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டிவாசி:
நன்றி சார். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா?

தளப்பொறியாளர்:
அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மீட்டர் தண்ணீரும் அடித்தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் வீதம் மேலே தள்ளும். மேல்தளங்களின் எடை ஏறும் முன் நிறுத்தினால் அடித்தளமே தூக்கிக்கொள்ளும். கேட்க வேண்டியது வேறு.

முதலில் வெளியேற்றும் அளவு. குழாய் முனையில் 200 லிட்டர் டிரம் வையுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் ஒரு நாளுக்கு 8,64,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 72. இந்தக் கணக்கோடு போனால் பேச்சே மாறும். சாக்கடைக்கு விடாமல், வண்டல் படியும் தொட்டி வழியாக, தண்ணீரைத் திரும்ப நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் குழிக்கு விடச் சொல்லுங்கள். குழி பேஸ்மென்ட்டை ஒட்டியிருந்தால் அதே தண்ணீர் திரும்பவும் உள்ளேதான் வரும். மனையின் எதிர்க்கோடியில், உங்கள் கிணற்றுப் பக்கமாக இருக்கட்டும். கான்கிரீட் போடும் நாளில் சிமென்ட் கலந்த தண்ணீரை அதில் விடக் கூடாது.

வெளியேறும் தண்ணீர் கலங்கலாகவே வந்தால் நுண்மண்ணும் சேர்ந்து போகிறது என்று பொருள். சுற்றுச்சுவரில் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இப்போதே தேதியோடு போட்டோ எடுத்துவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பேஸ்மென்ட் சுவரும் தரையும் நீர் புகாதபடி கட்டப்படுகிறதா, அல்லது தரைக்கடியில் வடிகால் வைத்து சம்ப்பில் சேர்த்து ஆயுளுக்கும் இறைக்கப் போகிறார்களா? முதலாவது என்றால் வேலை முடிந்து ஒரு நல்ல மழைக்காலத்தில் கிணறு பெரும்பாலும் மீளும். இரண்டாவது என்றால் மீளாது. அடித்தளக் கான்கிரீட் விழும் முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிறகு மாற்ற முடியாது.

பாறைநீர்:
கிணற்றை அளக்கும்போது கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, தினமும் விடியற்காலை உங்கள் மோட்டார் போடும் முன் அங்கிருந்தே டேப் இறக்குங்கள். அவர்கள் மோட்டார் பழுதாகி நிற்கும் நாட்களை மறக்காமல் குறித்துவையுங்கள். அன்று மட்டம் ஏறினால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.