எஸ்க்ரோவுக்குத் தமிழில் என்ன? (ஆள்களப் பெயர் விற்பனைப் பாடம்)

பொன்னி:
குழுவினருக்கு வணக்கம். சிறு வணிகர்களுக்கான பாடமொன்றைத் தமிழாக்குகிறேன். ஆள்களப் பெயரை, அதாவது வலைத்தளத்தின் முகவரிப் பெயரை (டொமைன்), விலைமதிப்பது, பேரம் பேசுவது, கைமாற்றுவது பற்றியது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘ஆள்களமா, களப்பெயரா’ சண்டையை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும். எனக்கு இடிப்பது ‘எஸ்க்ரோ’. வாங்குபவர் பணத்தை மூன்றாம் ஆளிடம் கட்டுகிறார். விற்பவர் பெயரை மாற்றிக் கொடுக்கிறார். பெயர் தன் கணக்குக்கு வந்துவிட்டதென்று வாங்குபவர் சொன்ன பிறகே பணம் விற்பவருக்குப் போகும். இதற்கு ஒரு சொல் வேண்டும்.

இளங்கோ:
கையடை. தயரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் இடத்துக்குக் கம்பனில் கையடைப் படலம் என்றே பெயர். அடை, அடைவு, அடைக்கலம் எல்லாம் ஒரே குடும்பம். ‘அடகு’ம் இதே வேர்தான் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

நாவலன்:
ஐயா, கையடையாகப் போன பிள்ளை மிதிலையில் வில்லை ஒடித்துக் கல்யாணத்துக்கு நின்றான். தகப்பன்தான் அங்கே போக வேண்டியிருந்தது. விளையாட்டு இருக்கட்டும். கையடையோ அடைக்கலமோ, கொடுத்தவருக்கே திரும்பி வரவேண்டிய பொருள். எஸ்க்ரோவில் பணத்தை வைப்பதே மற்றவர் கைக்குப் போகத்தான். நான் ‘நடுவைப்பு’ என்பேன்.

மாலா (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கமும் எஸ்க்ரோ எண்டுதான் கதைக்கிறவை. அப்படியே விடுங்கோ. போலி எஸ்க்ரோத் தளம் போட்டுக் காசைச் சுருட்டுறது இந்தத் தொழிலில் பழைய களவு. படிக்கிறவருக்கு அந்தச் சொல் தெரிஞ்சால்தான் தேடிப் பார்த்துத் தப்புவார். கையடை எண்டு தேடினால் கம்பன்தான் வருவார்.

இளங்கோ:
அப்படியானால் வங்கிக்கும் ‘பேங்க்’ என்றே எழுதிவிடலாம். சொல் புழங்கினால் தேடலிலும் வரும். யாரும் எழுதாவிட்டால் எப்படிப் புழங்கும்?

நாவலன்:
பேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தானே விலை பேசுவார்கள்? இங்கேயும் மறைப்புதான். பெரிய நிறுவனம் தன் முகவரியிலிருந்து கேட்டால் விலை ஏறும் என்று தரகரை முன்னே விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும். 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியது பிளாக் டாட் ஒன் நிறுவனம், விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டாலர் கட்டிப் புதுப்பிக்கிற ஒரு பெயர்! இந்த ஒளிவுக்கும் ஒரு சொல் வேண்டாமா?

பொன்னி:
வேண்டாம் அண்ணா. வெள்ளிக்கிழமை.

கயல்:
விலைமதிப்புப் பகுதியில் ‘வானொலிச் சோதனை’ இருக்கிறதா, பொன்னி? காதால் கேட்டவர் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடிந்தால்தான் பெயருக்கு விலை. உரோம எழுத்தில் நம் சொற்கள் பாதி இதில் தோற்கும். ‘பழம்’ என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட், இன்னொருவர் இசட்-எச். வாங்குபவர் மூன்றையும் வாங்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்கச் சொல்வார். ஆங்கிலச் சொற்களின் விற்பனையை வைத்துக் கணக்கிடும் தானியங்கி மதிப்பீட்டை நம்பி நம்மவர் விலை சொல்லக்கூடாது. தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் உண்டு, அங்கே இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வாங்க ஆள் குறைவு.

மாலா:
இன்னொண்டும் சேருங்கோ. வணிகக் குறி வைச்சிருக்கிறவருக்கே கூடின விலைக்கு விற்கலாம் எண்டு பெயரைப் பதிஞ்சு வைச்சால், ஆள்களப் பெயர்களை மேற்பார்க்கிற ஐகேன் அமைப்பின் 1999ஆம் ஆண்டுத் தகராறுக் கொள்கைப்படி அதுவே தீய நோக்கத்துக்குச் சான்று. நாங்களே வலியப் போய் விலை சொல்லி எழுதின மடலை அங்க எடுத்து நீட்டுவினம்.

பொன்னி:
இரண்டும் சேர்த்துவிட்டேன், நன்றி. சொல்லுக்கு வருவோம். நடுவைப்புக்கு நாவலன் அண்ணா, கயல், நான். எஸ்க்ரோவுக்கு மாலா அக்கா. முதல் இடத்தில் ‘எஸ்க்ரோ எனப்படும் நடுவைப்பு’, அப்புறம் நடுவைப்பு மட்டும். அனுப்பிவிடுகிறேன்.

இளங்கோ:
அனுப்புங்கள். நடுவைப்பு என்றால் நாற்று நடுகிற வேலை என்று படிக்கப் போகிறார்கள், நான் பொறுப்பில்லை. அடகு பற்றி எழுதியதற்கு இதுவரை ஒருவரும் மறுமொழி தரவில்லை.