ஜிபிஎஸ் ஒவ்வொரு கல்லுக்கும் வேறு வேறு தூரம் தள்ளிக் காட்டுகிறது, உதவி தேவை

கல்தேடி:
வணக்கம். செங்கம், ஜவ்வாது மலை பக்கம் நடுகற்களைப் பதிவு செய்கிற சின்னக் குழு எங்களுடையது. எங்களுக்கு முன்னால் இதே வேலையைச் செய்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன்னுடைய நோட்டைக் கொடுத்திருக்கிறார். அறுபதுக்கு மேற்பட்ட கற்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரு கையடக்க ஜிபிஎஸ்ஸில் (ரெண்டு ஏஏ பேட்டரி போடுகிற சாதாரண மாடல்) குழுவில் ஒருவர் உட்கார்ந்து ஏற்றிவிட்டார். இப்போது கருவி "இடம் வந்துவிட்டது" என்று பீப் அடிக்கிற இடத்தில் பார்த்தால் வெறும் முள்ளுக்காடு. ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் "வேடியப்பன் கல்லா, அது அந்தப் பக்கம்ல" என்று கை காட்டுகிறார், போய்ப் பார்த்தால் கல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. இன்னொரு கல் இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான் தள்ளியிருந்தது. ஒரே ஒரு கல் மட்டும் சரியாகக் காட்டிய இடத்திலேயே இருந்தது, அதுதான் குழப்பமே. கருவி கெட்டுவிட்டதா? புதுசு வாங்க வேண்டுமா?

இன்னொன்று, நின்று பார்த்தால் திசை காட்டும் அம்பு இஷ்டத்துக்குச் சுற்றுகிறது.

காட்டுப்பூனை:
மரத்துக்கு அடியில் நின்று பார்த்திருப்பீர்கள். சிக்னல் இலையைத் தாண்டி வர வேண்டும், பக்கத்தில் பெரிய பாறை இருந்தால் அதில் பட்டுத் திரும்பியும் வரும், கருவிக்கு எது நேராக வந்தது என்று தெரியாது. ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்தாலோ, அணைத்தபடி வெகு தூரம் கொண்டு போயிருந்தாலோ முதல் முறை போடும்போது வெட்டவெளியில் ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். எல்லா செயற்கைக்கோளின் மொத்த அட்டவணையும் இறங்கி முடிக்கவே 12.5 நிமிடம் ஆகும்.

கல்தேடி:
நன்றி அண்ணா. ஆனால் அந்த முக்கால் கிலோமீட்டர் கல் பொட்டல்காட்டில் இருக்கிறது, மேலே ஒரு இலை கிடையாது. துல்லியம் 4, 5 மீட்டர் என்றுதான் திரையில் காட்டியது.

மேப்பு பைத்தியம்:
டேட்டம் பிரச்சினை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தப் பூமி வடிவத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது. நூறு சதவீதம். பழைய இந்திய வரைபடமெல்லாம் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்துப் போட்டது, உங்கள் கருவி ஜிபிஎஸ்ஸுக்கான டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் இருக்கும். செட்டிங்கில் டேட்டத்தை மாற்றுங்கள், முடிந்தது.

பழைய சங்கிலி:
தம்பி, அவசரப்பட்டு டேட்டத்தில் கை வைக்க வேண்டாம். டேட்டம் மாறினால் இங்கே எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே தூரம் நகரும். ஒரு தாலுகா அளவுக்குள் ஒரு கல் 700 மீட்டரும் இன்னொரு கல் 200 மீட்டரும் தள்ளிப் போகாது. சிக்னல் கோளாறு என்றால் ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் மேற்கே என்று சிதறும், அதுவும் இத்தனை தூரம் வராது.

நான் கேட்பது ரெண்டுதான். கருவி காட்டிய இடத்திலிருந்து கல் எந்தத் திசையில் இருந்தது? நோட்டில் அந்தக் கற்களுக்கு எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள். முழுசாகப் போடாதீர்கள், கல் எங்கே இருக்கிறது என்று ஊரறியச் சொன்னால் பெயர்த்துக்கொண்டு போகிறவனும்தான் படிப்பான். கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் போதும்.

கல்தேடி:
திசையைப் பற்றி யோசிக்கவே இல்லை சார், இப்போது பார்த்தால் எப்போதுமே கல் வடகிழக்கில்தான் இருந்திருக்கிறது. நோட்டில் மூன்று மூன்று எண்களாக இருக்கிறது, நடுவில் வெறும் இடைவெளி, குறி எதுவும் இல்லை. முக்கால் கிலோமீட்டர் தள்ளிய கல்லுக்கு கடைசி எண் வடக்கு 45, கிழக்கு 40. இருநூறு மீட்டர் கல்லுக்கு 10, 15. சரியாக இருந்த கல்லுக்கு 00, 01.

பழைய சங்கிலி:
கிடைத்துவிட்டது. கருவி கெடவில்லை, காசை வீணாக்க வேண்டாம்.

ஆசிரியர் எழுதியது டிகிரி, நிமிடம், நொடி. உங்கள் கருவி கேட்பது டிகிரி, நிமிடம், அப்புறம் நிமிடத்தின் தசமம். கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போது இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். உங்கள் முதல் கல்லுக்கு நிமிடம் 18 என்று வைத்துக்கொள்வோம், ஏற்றியவர் 18 நிமிடம் 45 நொடி என்பதை 18.450 என்று அடித்திருக்கிறார். ஆனால் 45 நொடி என்பது முக்கால் நிமிடம், 18.750 என்று போயிருக்க வேண்டும். 0.3 நிமிடம் குறைகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் நம் பக்கம் சுமார் 1,843 மீட்டர், ஆக வடக்கே 550 மீட்டர் போச்சு. தீர்க்கரேகையில் 40 நொடியை .400 என்று அடித்ததில் கிழக்கே 480-க்குக் கொஞ்சம் மேலே போச்சு. ரெண்டையும் சேர்த்துக் குறுக்கே அளந்தால் 735 மீட்டர் வரும், உங்கள் முக்கால் கிலோமீட்டர் அதுதான். 10, 15 உள்ள கல்லுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 220 மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்.

இந்தத் தப்பில் எண் எப்போதுமே குறைவாகத்தான் போகும், கூடவே கூடாது. அதனால் கருவி எப்போதும் தென்மேற்கே கூட்டிப் போகிறது, கல் வடகிழக்கே நிற்கிறது. நொடி பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பிழையும் பூஜ்யத்தை ஒட்டி, அதனால்தான் அந்த ஒரு கல் மட்டும் தப்பித்தது. நோட்டில் கடைசி எண் எங்கேயும் 59-ஐத் தாண்டவில்லை என்றால் அதுவும் நொடிதான் என்பதற்குச் சாட்சி.

செட்டிங்கில் பொசிஷன் ஃபார்மட் என்று இருக்கும். அதை டிகிரி-நிமிடம்-நொடிக்கு மாற்றி, எல்லாப் புள்ளியையும் மறுபடி அடிக்க வேண்டும். ஃபார்மட்டை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது, ஏற்கெனவே தப்பாக உள்ளே போன புள்ளி தப்பான இடத்திலேயே இருக்கும், அதையே வேறு வடிவத்தில் எழுதிக் காட்டும், அவ்வளவுதான். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அம்பு சுற்றுவது கோளாறு இல்லை. விலை குறைந்த மாடல்களில் தனியாகக் காந்தத் திசைகாட்டி கிடையாது, நீங்கள் நடக்கிற தடத்தை வைத்துத்தான் கருவி திசை கண்டுபிடிக்கிறது. நின்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. நேராக இருபது அடி நடந்துவிட்டு அம்பைப் பாருங்கள். திசைகாட்டி உள்ள மாடல் என்றால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஒரு முறை கேலிப்ரேட் செய்ய வேண்டும், அதுவும் வண்டி, இரும்பு கேட் பக்கத்தில் நின்று செய்யக் கூடாது.

மெரினா நடையன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் போனில் ஒரு ஜிபிஎஸ் ஆப் போட்டுக் கடற்கரையில் நின்று பார்த்தால் உயரம் மைனஸ் 90-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. நான் கடலுக்கு அடியிலா நிற்கிறேன்? இதுவும் செட்டிங்தானா?

மேப்பு பைத்தியம்:
அது பூமியின் வேலை. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது பூமியை மழமழவென்ற ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலான உயரம். நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப அந்தக் கோளத்துக்கு மேலேயும் கீழேயும் போகும். அந்தக் கடல் மட்டத்தில் உலகத்திலேயே ரொம்ப ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, நூறு மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இறங்குகிறது, அதன் ஓரத்தில்தான் நம்முடைய கடற்கரை. கையடக்கக் கருவிகள் இதைத் திருத்திக் காட்டும், சில போன் ஆப்கள் திருத்தாது. ஆப்பில் ஜியாய்டு (அந்த நிஜக் கடல் மட்டப் பரப்பு) திருத்தம் அல்லது கடல்மட்ட உயரம் என்று ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள்.

கல்தேடி:
மறுபடி அடித்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். அருமை சார், கருவி பீப் அடித்த இடத்தில் திரும்பினால் கல். புதருக்குள் பாதி புதைந்து கிடந்த ஒன்றைக்கூட எடுத்துக் காட்டியது.

ஆனால் ஒரு சின்ன வால் மிச்சம் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்துக் கற்கள் மட்டும் இன்னும் தள்ளித்தான் இருக்கின்றன. கருவி காட்டும் இடத்துக்கு வடமேற்கே, போய்ப் பார்த்தவை எல்லாமே 200 மீட்டர் போல.

பழைய சங்கிலி:
எல்லாமே ஒரே பக்கம், ஒரே தூரம் என்றால் இப்போது மேப்பு பைத்தியம் சொன்னதுதான். அந்தப் பக்கத்தை ஆசிரியர் நேரில் ஜிபிஎஸ் வைத்து எடுத்தாரா, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தாரா என்று கேளுங்கள்.

கல்தேடி:
போனில் கேட்டேன். அவரிடம் ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் பார்த்த கற்களாம், பழைய டோப்போ ஷீட் (சர்வே துறையின் நில வரைபடத் தாள்) ஒன்றிலிருந்து எடுத்தாராம். தாள் எண் 57 எல் என்று நினைவிருக்கிறது என்றார்.

மேப்பு பைத்தியம்:
சொன்னேன் இல்லையா!

பழைய சங்கிலி:
சொன்னீர்கள் ஐயா, ரெண்டாவது நோய்க்கான மருந்தை முதல் நோய்க்குக் கொடுத்தீர்கள்.

57 எல் உங்கள் பக்கத்துத் தாள்தான், 12-இலிருந்து 13 டிகிரி வடக்கு, 78-இலிருந்து 79 கிழக்கு. பழைய பதிப்பு எவரெஸ்ட் டேட்டத்தில் இருக்கும். 1802-இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் அடிக்கோடு (முதல் அளவுக் கோடு) அளந்து தொடங்கிய, இந்தியாவை அளந்த அந்தப் பெரிய சர்வேயின் வழியில் வந்தது, 1830-இல் முடிவு செய்த நீள்கோளம் அது. இந்தியாவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்தார்கள், செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. 2005-இல் வரைபடக் கொள்கை வந்த பிறகு பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல் வருகின்றன, அதிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

செய்ய வேண்டியது இது. மேப் டேட்டம் பட்டியலில் "இந்தியன் பங்ளாதேஷ்" என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள். அடித்து முடித்ததும் மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84-க்குத் திரும்பிவிடுங்கள், கருவியே உள்ளே மாற்றி வைத்துக்கொள்ளும். அப்படியும் பத்து இருபது மீட்டர் மிச்சம் நிற்கலாம், தாளில் ஸ்கேல் வைத்து அளந்ததற்கு அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கல்லைக் கண்ணால் பார்த்ததும் அங்கேயே புதுப் புள்ளி எடுங்கள், ஆவரேஜிங் (பல முறை அளந்து சராசரி எடுக்கும்) வசதி இருந்தால் கல் பக்கத்தில் வைத்து சில நிமிடம் ஓட விடுங்கள்.

கல்தேடி:
செய்கிறேன் சார். இனிமேல் எங்கள் பதிவேட்டில் எப்படி எழுதுவது?

பழைய சங்கிலி:
டிகிரியின் தசமமாக, ஐந்து தசம இடம் வரை, பக்கத்திலேயே டபிள்யூஜிஎஸ் 84 என்றும் எழுதுங்கள். ஐந்தாவது இடம் ஒரு மீட்டர் அளவு, அதற்கு மேல் எழுதுவது வெட்டி. முடிந்தால் கையால் அடிக்கவே வேண்டாம், கணினியில் ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் புள்ளிகளைச் சேமிக்கும் வகை) கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எந்த ஃபார்மட் இருந்தாலும் கோப்புக்குள் டபிள்யூஜிஎஸ் 84, தசம டிகிரிதான் போகும்.

காட்டுப்பூனை:
என் பங்குக்கு ஒன்று. புதுக் கருவி வாங்க யோசித்தீர்கள் இல்லையா, வெளிநாட்டிலிருந்து யாராவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற வகையை வாங்கி வந்தால் தொடாதீர்கள். சாதாரண ஜிபிஎஸ் பிரச்சினை இல்லை, அந்த வகைக்கு இங்கே அரசு அனுமதி வேண்டும், அது இல்லாமல் கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் போகிற கற்கள் இருந்தால் வனத்துறை அனுமதியும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

கல்தேடி:
அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம் அண்ணா. கடைசிப் பக்கத்துப் புள்ளிகளை இன்று இரவு அடித்துவிடுகிறேன்.