மூடிக் கிடக்கிற ஸ்டோர் சுவத்துல லைட் ஆர்ட் பண்ணணும், தெரிஞ்சவங்க யோசனை சொல்லுங்க

மலைக்காரி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம், தோட்டத்து பேரு இப்ப வேணாம். எங்க ஸ்டோரு, அதான் தேயிலை ஃபெக்டரி, மூடி கன வருசமாச்சி, கொழுந்தெல்லாம் லொறில வேற தோட்டத்துக்கு போகுது, ஆனா கட்டடம் மட்டும் அப்பிடியே நிக்கிது. நாலு மாடி, மேல மூணு மாடியும் தகரம், கீழ் மாடி கல்லுச் சுவரு சுண்ணாம்பு அடிச்சது. முன்பக்கம் ஒரு மாடிக்கு 12 ஜன்னல். எங்க லயத்துல, அதான் வரிசை வீடுகள்ல, எந்த வாசல்ல நின்னு பாத்தாலும் அதுதான் கண்ணுக்கு முன்னால நிக்கும், ராத்திரில ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது.

போன்ல சிட்னி ஒபரா ஹவுஸ் மேல லைட் அடிக்கிற வீடியோ பாத்ததுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. அங்க 2009ல இருந்து பெரும்பாலும் வருசா வருசம் அந்த வெள்ளை கூரை மேல ஓவியம் ஓட விடுறாங்களாம். கொழும்புல தாமரைக் கோபுரம் 350 மீட்டருக்கு மேல, அதுலயும் ராத்திரில கலர் கலரா லைட்டு ஓடுது, நான் பஸ்ல போறப்ப பாத்தேன். அப்ப நம்ம மலையில ஏன் ஒண்ணுமே இல்லன்னு மனசுல கெடந்து உறுத்துது.

நாங்க பொடியன்கள் பிள்ளைகள்னு ஒம்பது பேரு இருக்கோம். ஒரு டீச்சர் 3300 லூமன்ஸ் புரொஜெக்டர் ஒண்ணு தர்றேன்னு சொல்லிட்டாங்க. கோயில் திருவிழா கடைசி நாளு ராத்திரி செய்யலாம்னு நெனைக்கிறோம். சுவரு 22 மீட்டர் அகலம், 12 மீட்டர் உசரம், நாங்களே டேப் புடிச்சி அளந்தோம். சுவரு ஒடஞ்சி விழுற மாதிரி, தண்ணி ஊத்துற மாதிரி ரெடிமேட் வீடியோ கொஞ்சம் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கோம். இந்த புரொஜெக்டர் போதுமா, பனி மூட்டம் எறங்கினா என்ன செய்றது, தகரத்துல படம் தெரியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லூமன்ஸ் எழுதினது:

தங்கச்சி, நான் கண்டியில கல்யாண வீடு, மேடை இதுகளுக்கு லைட்டும் புரொஜெக்டரும் ஹயருக்கு குடுக்கிற ஆளு. கணக்க நேராவே சொல்றேன். லூமன்ஸ்னா மெஷின் கக்குற மொத்த வெளிச்சம், அத சுவத்தோட பரப்பால வகுத்தா லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர்ல விழுற வெளிச்சம் வரும். உங்க முழுச் சுவரு 22 தர 12, 264 சதுர மீட்டர். 3300ஐ அதால வகுத்தா 12 லக்ஸ் சொச்சம், ரோட்டு லைட்டுக்கு அடியில இருக்கிற வெளிச்சம் அவ்வளவுதான். அதுலயும் துருப்புடிச்ச தகரம் பாதிய முழுங்கிரும். பெரிய ஊர்கள்ல செய்றவங்க ஒவ்வொண்ணும் 20,000 லூமன்ஸ்க்கு மேல உள்ள மெஷின அடுக்கி வெச்சி செய்றாங்க, அதோட போட்டி போட ஏலாது.

ஆனா அதே மெஷின 5 மீட்டர் அகலத்துக்கு சுருக்கிப் பாருங்க. உசரம் 2.8, பரப்பு 14 சதுர மீட்டர், 235 லக்ஸ் வந்துரும், இருட்டுல பளிச்சின்னு நிக்கும். அகலத்த ரெண்டு மடங்காக்கினா வெளிச்சம் நால்ல ஒண்ணாயிரும்ங்கறத மட்டும் மறக்காதீங்க. எறியிற தூரம் மெஷினுக்கு மெஷின் மாறும், மூடியிலயோ புத்தகத்துலயோ த்ரோ ரேஷியோன்னு போட்டிருக்கும், 1.5ன்னா 5 மீட்டர் அகலத்துக்கு ஏழரை மீட்டர் தள்ளி வைக்கணும். மூட்டத்துக்கும் இதுதான் மருந்து. கிட்ட வெச்சா ஒளி மூட்டத்துக்குள்ள ஓடுற தூரம் கொறைவு, 30 மீட்டர்ல வெச்சீங்கன்னா படம் சுவத்துக்கு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி பனியிலேயே கரைஞ்சி போயிரும்.

தகரம் வேணாம். அந்த அலை அலையான மடிப்புல நேரா நிக்கிறவங்களுக்கு ஒரு படம், ஓரமா நிக்கிறவங்களுக்கு வேற படம். கீழ் மாடில சுண்ணாம்பு அடிச்ச சுவரு இருக்குன்னீங்களே, அத விட நல்ல ஸ்கிரீன் காசு குடுத்தாலும் கிடைக்காது, இன்னொரு கோட்டிங் சுண்ணாம்பு அடிச்சிருங்க. மழைக்கு பொலித்தீன் சுத்தாதீங்க, நாலு கம்பு நட்டு மேல மட்டும் கூரை போடுங்க, சூடு வெளிய போகாட்டி மெஷின் நின்னு போகும். பழைய லாம்ப் மெஷினா இருந்தா கரண்ட் பட்டுன்னு போறது லாம்புக்கு ஆகாது, ஒரு யூபிஎஸ் கேட்டு வாங்குங்க.

பழைய_வயர்மேன் எழுதினது:

லூமன்ஸ் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனா எனக்கு அந்த 12 ஜன்னல் மேலதான் கண்ணு. நாலு மாடிக்கு 48. பிள்ள, உங்க கிட்ட புரொஜெக்டர விட பெரிய ஸ்கிரீன் ஒண்ணு ஏற்கனவே இருக்கு, 48 புள்ளி உள்ள ஸ்கிரீன்!

2001 செப்டம்பர்ல பெர்லின்ல, அலெக்சாண்டர்பிளாட்ஸ் பக்கத்துல ஆசிரியர் இல்லம்னு ஒரு பழைய கட்டடம், அதுல கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்னு ஒரு கம்ப்யூட்டர் சங்கத்து பொடியன்கள் மேல எட்டு மாடில, மாடிக்கு 18 ஜன்னல்னு 144 ஜன்னலுக்குப் பின்னாடி லைட்டு வெச்சி ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டரால அணைச்சி எரிய விட்டாங்க. பிளிங்கன்லைட்ஸ்னு பேரு. ஆளுங்க ரோட்டுல நின்னுக்கிட்டு போன்ல கோல் எடுத்து கட்டடத்து மேல பந்து விளையாடினாங்க, காதல் கடிதமும் அதுலயே ஓடிச்சி. அடுத்த வருசம் பாரிஸ்ல தேசிய நூலகத்துல 520 ஜன்னல்ல செஞ்சாங்க. ஆஸ்திரியால கிராஸ்னு ஒரு ஊரு, அங்க 2003ல தொறந்த கலைக்கூடத்து சுவத்துல 930 வட்ட டியூப் லைட், நம்ம வீட்டு குசினில ஒரு காலத்துல எரிஞ்சதே அந்த மாதிரி வட்டம்தான். கலரே இல்ல, வெளிச்சம் கூடும் கொறையும், அவ்வளவுதான். அத பாக்கவே ஆளுங்க போனாங்க.

நமக்கும் இது ஒண்ணும் புதுசில்ல. நான் சின்னப் பொடியனா இருக்கயில வெசாக் பந்தலுக்கு பின்னால போயி எட்டிப் பாத்திருக்கேன், ஒரு மரத்து உருளை மோட்டர்ல சுத்தும், அது மேல செம்புத் தகடு அடிச்சிருக்கும், தகடு கம்பில படுற நேரம் பல்பு எரியும், படாத நேரம் அணையும். ஆயிரக்கணக்கான பல்பு அப்பிடி ஓடும். நான் வயர்மேன் ஆனதே அந்த உருளையாலதான்.

ஒண்ணு கண்டிப்பா கேளுங்க. பழைய கட்டடத்துக்குள்ள 230 வோல்ட் இழுக்காதீங்க, தகரம் முழுக்க கரண்ட் ஏறினா ஒருத்தரும் தப்ப மாட்டாங்க. 12 வோல்ட் எல்ஈடி போடுங்க. ஒண்ணு 5 வாட்னா 48க்கு 240 வாட், 20 அம்பியர் வரும், அத ஒரே வயர்ல இழுக்காம மாடிக்கு ஒரு பவர் சப்ளை, அதுக்கு 5 அம்பியர், ஒவ்வொண்ணுக்கும் பியூஸ். மேல் மாடி பலகை உளுத்துப் போயிருக்கும், யாராச்சும் வேல தெரிஞ்ச தச்சு பாஸ் தட்டிப் பாக்காம ஒரு பிள்ளையும் மேல ஏறக் கூடாது.

தேயிலைப்பூ எழுதினது:

தங்கச்சி, லைட்டு விசயம் அண்ணமாருங்க சொல்லிட்டாங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. சுவரு ஒடஞ்சி விழுற வீடியோவ அந்த ஸ்டோர்ல ஏன் காட்டணும்? அந்த ஸ்டோர் மூடுன அன்னிக்கே எத்தனையோ பேருக்கு ஒடஞ்சி விழுந்திச்சி. வேற நாட்டுல வேற கட்டடத்துக்கு செஞ்ச வீடியோ அது, உங்க சுவத்துக்கு அதோட ஒரு ஒட்டும் இல்ல.

போலந்துல பொறந்த ஒரு கலைஞர், கிரிஸ்டோஃப் வொடிச்கோன்னு பேரு, அவரு 2001ல மெக்சிக்கோ எல்லையில திஹுவானா ஊருல ஒரு வேல செஞ்சாரு. அங்க ஏற்றுமதி ஃபெக்டரியில வேல செய்ற பொம்பளைங்க தலையில கெமராவும் மைக்கும் மாட்டிக்கிட்டு பேச, அவங்க முகம் கலாச்சார மண்டபத்தோட உருண்டைக் கட்டடம் முழுக்க அந்த நிமிசமே விழுந்திச்சி, கொரல் ஸ்பீக்கர்ல வந்திச்சி. வேலயில நடந்தது, வீட்டுல வாங்கின அடி எல்லாத்தையும் அவங்களே சொன்னாங்க. ஊரு சனம் கீழ நின்னு கேட்டிச்சி. அத வாசிச்ச அன்னிக்கு எனக்கு எங்கம்மா முகம்தான் ஞாபகம் வந்திச்சி, காலம்பற படங்கு கட்டிக்கிட்டு போயி அந்திக்கு கொழுந்து நிறுத்துட்டு வர்ற முகம்.

ஆனா அத அப்பிடியே செய்ங்கன்னு சொல்ல மாட்டேன். திஹுவானா பெரிய ஊரு. நம்ம தோட்டத்துல ஒருத்தி ராத்திரி சுவத்துல பேசிட்டு காலம்பற அதே பிரட்டுக்களத்துல வேலைக்கு பேரு பதிய நிக்கணும். அதே வொடிச்கோ 1999ல ஹிரோஷிமால, அணுகுண்டுல மிஞ்சின அந்த கூம்புக் கட்டடத்துக்கு கீழ ஆத்தங்கரை சுவத்துல, தப்பிப் பொழச்சவங்களோட கைய மட்டும் காட்டினாரு. பேசுறப்ப கை எப்பிடி அசையுதோ அது. முகம் இல்ல. கை போதும். கொழுந்து எடுக்கிற மாதிரி நடிக்க வைக்காதீங்க, அது டூரிஸ்ட் போஸ்டர்ல ஏற்கனவே நெறைய இருக்கு. சும்மா உக்காந்து கத சொல்றப்ப அவங்க கை என்ன செய்யிதோ அத எடுங்க, கொரல் வேணுமா வேணாமான்னு அவங்க கிட்டயே கேளுங்க, வேணாம்னா கை மட்டும் ஓடட்டும். 2023ல நம்ம சனம் மலைக்கு வந்து 200 வருசம்னு தலைமன்னாருல இருந்து மாத்தளைக்கு சனம் நடந்திச்சே, அந்த கால் நடந்த மாதிரி இந்த கையும் ஒரு ராத்திரி பேசட்டும்.

பதுளை_பஸ் எழுதினது:

இதோட சேத்து டவுன் போர்டையும் யோசிங்க. இப்ப எல்லா டவுன்லயும் எல்ஈடி விளம்பர போர்டு வந்திருச்சி, ராத்திரி முழுக்க லோன் விளம்பரம், போன் விளம்பரம். நியூயோர்க்ல டைம்ஸ் ஸ்குயார்ல 2012ல இருந்து தெனமும் ராத்திரி 11.57க்கு விளம்பரத்த நிப்பாட்டிட்டு 12 மணி வரைக்கும் மூணு நிமிசம் கலைஞர்களோட வேலய ஓட்டுறாங்க. போர்டு வெச்சிருக்கிற ஆளுகிட்ட போயி மூணு நிமிசம் கேட்டா என்ன, கடை பூட்டுன பொறகு விளம்பரத்த யாரு பாக்குறா?

மலைக்காரி எழுதினது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. தேயிலைப்பூ அக்கா, கோவமே இல்ல, அந்த வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன். சனிக்கிழம ராத்திரி டெஸ்ட் பண்ணினோம், நடந்தத சொல்றேன்.

புரொஜெக்டர கொழுந்து எறக்குற வாசலுக்கு முன்னால எட்டு மீட்டர்ல வெச்சி எங்க அப்பாயி கைய போட்டோம். போன்லதான் எடுத்தது. லூமன்ஸ் அண்ணே சொன்ன மாதிரி 5 மீட்டர். ஒரு கை வாசல் கதவ விட பெருசு! விரல் நுனியில கறை படிஞ்சி வெடிச்ச கோடு கூட தெரிஞ்சிச்சி, பக்கத்துல இருந்து பாத்த எனக்கே அது அவ்வளவு ஆழமா இருக்குன்னு இத்தன நாளா தெரியாது. மூட்டம் நடுவுல எறங்கிச்சி, படம் கொஞ்சம் மங்கினிச்சி, ஆனா போகல. அப்பாயி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அவங்க கைய முந்தானைக்குள்ள வெச்சிக்கிட்டாங்க. பொறகு வீட்டுக்கு வந்து கேட்டப்ப, திருவிழா அன்னிக்கு போடு, ஆனா என் பேர சொல்லாதன்னாங்க.

ஜன்னலுக்கு இன்னும் லைட் வரல, டோர்ச்ச ரெண்டாவது மாடில மூணு ஜன்னல்ல கட்டிப் பாத்தோம் (அண்ணே, பலகைய ஒரு பாஸ் வந்து தட்டிப் பாத்துட்டுதான் ஏறினது, அதுவும் பெரியவங்க ரெண்டு பேரு). அத பாத்துட்டு லயத்துல இருந்து ஒரு தாத்தா எறங்கி வந்தாரு, அந்தக் காலத்துல கொழுந்து வாட்டுற மாடில வேல செஞ்சவரு. அந்திக்கு வர்ற கொழுந்த மேல விரிச்சி ராத்திரி முழுக்க காத்து விட்டு வாட்டி விடியக் காலையில உருட்டப் போடுவாங்களாம், மேல எத்தன மாடில லைட்டு எரியிதுன்னு பாத்தே அன்னிக்கு எவ்வளவு கொழுந்து வந்திச்சின்னு லயத்துல சொல்லிருவாங்களாம். மூணும் எரிஞ்சா சீசன். அவரு விரல நீட்டி எந்த ஜன்னல் மொதல்ல எரியும், எது அடுத்ததுன்னு வரிசையா சொன்னாரு, நான் கொப்பில எழுதிக்கிட்டேன்.

இப்ப ரெண்டு சந்தேகம். கை வீடியோவுல பின்னால இருக்கிற சாமானெல்லாம் தெரியிது, அத எப்பிடி மறைக்கிறது? ஜன்னல் லைட்ட கம்ப்யூட்டர் இல்லாம வரிசையா எரிய விட முடியுமா?

லூமன்ஸ் எழுதினது:

கருப்பு கம்பளிய பின்னால கட்டி, ஒரே ஒரு லைட்ட பக்கவாட்டுல வெச்சி மறுபடி எடுங்க. புரொஜெக்டருக்கு கருப்புன்னா வெளிச்சம் ரொம்பக் கொறைவு, அந்த எடம் கிட்டத்தட்ட சுவராவே இருக்கும், கை மட்டும் இருட்டுல இருந்து வரும், சதுர விளிம்பும் அவ்வளவா தெரியாது. போன்ல வெளிச்சத்த லொக் பண்ணிட்டு எடுங்க, இல்லாட்டி கை அசையிறப்ப தானா கூடிக் கொறையும். ஒன்பது மணிக்குள்ள முடிச்சிருங்க, காலம்பற வேலைக்கு போறவங்க இருக்காங்க.

பழைய_வயர்மேன் எழுதினது:

கம்ப்யூட்டர் வேணாம் பிள்ள. பலகையில 48 சுவிட்ச் அடிச்சி வயர கீழ கொண்டு வந்துருவோம், 12 வோல்ட்தானே, பயமில்ல. நானே வர்றேன், சாமானும் வயரும் கொண்டாறேன், பஸ் எறங்குற எடம் மட்டும் தனியா மெசேஜ்ல சொல்லுங்க. சுவிட்ச் பலகைக்கு முன்னால அந்த தாத்தாவ உக்கார வைங்க, எது மொதல்ல எரியணும்னு அவருக்குத்தான் தெரியும்.